வீட்டிலிருந்து வேலை: அரசுக் கோப்புகளுக்கு யார் காவல்?

பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கோ, வாப்பாவின் முதியோர் உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது ஆதார் எண், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று என அத்தனையையும் அரசிடம் ஒப்படைக்கிறோம். மார்த்தாண்டம் பக்கம் சிதறாலில் கொடுக்கும் விண்ணப்பம் பல மேசைகளைக் கடந்துதான் முடிவாகிறது. அவற்றில் ஒன்று ஓர் ஊழியரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையாக இருந்தால் என்ன ஆகும்?

2020 மார்ச் ஊரடங்கு இந்தக் கேள்வியை நாடு முழுவதும் எழுப்பியது. அதே ஆண்டு மே மாதம் மத்திய அரசின் பணியாளர் அமைச்சகம் ஒரு வரைவு விதிமுறையை வெளியிட்டது. ஊழியர்கள் ஆண்டுக்கு 15 நாட்கள் வீட்டிலிருந்து பணியாற்றலாம், அலுவலகப் பணிக்கு லேப்டாப் தரப்படும், ரகசியக் கோப்புகளை வீட்டிலிருந்து கையாளக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. அதுவரை துணைச் செயலாளரும் அதற்கு மேலுள்ளவர்களும் பயன்படுத்தி வந்த வி.பி.என். வசதியைப் பிரிவு அலுவலர் வரை கொண்டுவரவும் யோசனை சொன்னார்கள்.

வி.பி.என். என்பது வீட்டுக் கணினிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே போடும் மூடிய குழாய். இடையில் யாராவது ஒட்டுக்கேட்டாலும் புரியாத எழுத்துகள்தான் கிடைக்கும். ஆனால் குழாய் மட்டும்தான் பத்திரம். பிள்ளைகள் திருட்டு விளையாட்டு மென்பொருளை இறக்கிய கணினியில் அதை இணைத்தால், வைரஸும் அதே வழியாக அலுவலகம் போய்ச் சேரலாம். அலுவலகமே தனி லேப்டாப் தருவது இதற்காகத்தான்.

கருவி கொடுப்பது சுலபம், பழக்குவதுதான் கடினம். 2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வந்த இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதலைப் பாருங்கள். வெளியார் வி.பி.என். வேண்டாம், டீம்வியூவர், எனிடெஸ்க் வேண்டாம், அரசுக் கோப்புகளை கூகுள் டிரைவில் வைக்க வேண்டாம், கேம்ஸ்கேனரில் ஸ்கேன் செய்ய வேண்டாம் என்றது. நம்மில் பலர் தினமும் செய்பவைதான் இவை! 45 நாட்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றவும் சொன்னது. இதில் எனக்கு உடன்பாடில்லை. அடிக்கடி மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை மட்டும் மாற்றுவதுதான் மனித இயல்பு. காரணமின்றிக் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க தர நிர்ணய நிறுவனமே 2017இல் கூறிவிட்டது. நீளமான கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இருப்பதே மேல்.

அரசு மின்னஞ்சலில் அந்த இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு 'கவச்' என்ற செயலி வந்தது. மோசடிக்காரர்கள் அதையும் விடவில்லை. அதே பெயரில் போலிச் செயலி செய்து, ஊழியர்களைக் குறிவைத்துப் பரப்பியதை 2022இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எங்கிருந்து இறக்க வேண்டும், எந்த இணைப்பைத் தொடக் கூடாது என்று லேப்டாப்பைக் கையில் கொடுக்கும் முன்பே ஊழியரை உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. அலுவலக லேப்டாப்பில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு வேண்டாம். எழுந்து போகும்போது திரையைப் பூட்ட வேண்டும். ஓ.டி.பி.யை வீட்டாரிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருப்பது யாரோ ஒரு குடும்பத்தின் அமானிதம்.

லேப்டாப் தொலைந்தாலோ, தவறான இணைப்பைத் தொட்டுவிட்டாலோ, "காலையில் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடக் கூடாது. இணையத் தாக்குதல்களை, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் சி.இ.ஆர்.டி.-இன் அமைப்புக்கு அலுவலகம் தெரிவிக்க வேண்டும் என்பது 2022இல் வந்த விதி. ஊழியர் உடனே சொன்னால்தான் அலுவலகம் அவருடைய இணைப்பைத் துண்டித்து, மற்றக் கோப்புகளைக் காப்பாற்ற முடியும்.