செடிக்கு ஊத்துறது உரமா, உப்பா? மீட்டர் வாங்குறவங்க உஷார்!

செங்கல்பட்டு: பையில கத்தரி, தக்காளி, மிளகாய் வெச்சாச்சு. உரமும் போட்டாச்சு. ஆனாலும் இலை ஓரம் கருகுது, பூ கொட்டுது. 'இன்னும் கொஞ்சம் உரம் போட்டா சரியாகிடும்' என்று நினைத்தால் அங்கேதான் ஆபத்து. கடலோர ஊர்களில் பல நேரம் செடியைக் கெடுப்பது உரக் குறைவு இல்லை. ஊத்துற தண்ணியில் இருக்கும் உப்பு.

இதைக் கண்டுபிடிக்க பாக்கெட்டில் வைக்கிற சின்ன மீட்டர் போதும். ஆனால் அதைப் பார்த்து வாங்காவிட்டால், பத்திரமாக வைக்காவிட்டால் அந்த மீட்டரே ஏமாத்திவிடும்.

தெருவுக்குத் தெரு வேற தண்ணி

கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம் என கடலை ஒட்டிய மணல் பகுதிகளில் மழைத்தண்ணி பூமிக்குள் இறங்கி நல்ல தண்ணியாக நிற்கிறது. அதற்கும் கீழே கனமான உப்புத்தண்ணி. போரை ஆழமாகப் போட்டு மோட்டாரை ஓயாமல் ஓட்டினால், கீழே இருக்கும் உப்பு மேலே ஏறி வரும். அதனால்தான் ஒரு வீட்டு போரில் நல்ல தண்ணி, அடுத்த தெருவில் கரிப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடல்நீர் புகுந்து கரையோரக் கிணறுகள் பலவும் உப்பாகின.

செங்கல்பட்டு டவுன் பக்கம் கதை வேற. அங்கே பாறைப் பூமி. கடல் உப்பு இல்லாவிட்டாலும், பாறையில் இறக்கிய போர் தண்ணியில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருக்கலாம். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் அதுதான்.

ரெண்டு மீட்டர், ரெண்டு வேலை

பி.எச். மீட்டர், தண்ணி புளிப்பா, காரமா என்று சொல்லும். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒரே ஒரு எண் மாறினாலும் 10 மடங்கு வித்தியாசம். 1909-ல் டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் இந்த அளவைக் கொண்டுவந்தார். 1934-ல் அமெரிக்காவின் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சை சாற்றின் புளிப்பை அளப்பதற்காகவே இதற்கு ஒரு எலெக்ட்ரானிக் மீட்டர் செய்தார்.

மண் தொட்டிக்கு 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது. மண்ணே இல்லாமல் தண்ணியில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறைக்கு 5.5 முதல் 6.5 வரை. அதற்கு மேலே ஏறினால் உரத்தில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, புது இலை மஞ்சளாக வரும்.

இரண்டாவது இ.சி. மீட்டர். தண்ணியில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து, எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும். வாட்டர் பியூரிஃபையர் விற்க வருபவர்கள் டம்ளரில் விட்டுக் காட்டும் டி.டி.எஸ். பேனாவும் இதே ரகம்தான்.

மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்!

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கரைந்த உரமும் ஒரு உப்புதான். கடல் உப்பு எது, உரம் எது என்று மீட்டருக்குத் தெரியாது. ரெண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும்.

உரம் கலந்த தண்ணியில் மீட்டர் 2 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சத்து போதும்' என்று தோன்றும். ஆனால் உரம் போடுவதற்கு முன்பே அந்தத் தண்ணி 1.5 காட்டியிருந்தால், உரம் வெறும் 0.5 தான். மீதி முழுக்க போர் தண்ணி உப்பு. செடி பட்டினியும் கிடக்கும், உப்பிலும் கருகும்.

அதனால் முதலில் பச்சைத் தண்ணியை அளந்து எழுதி வைக்க வேண்டும். உரம் கலந்த பிறகு வரும் எண்ணில் அதைக் கழித்தால்தான் உண்மையான உரக் கணக்கு. கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை திரும்ப அளப்பது அவசியம்.

பாசனத் தண்ணிக்கு உலகம் முழுக்கப் பார்க்கும் கணக்கு இது: 0.75 மில்லி சீமென்ஸ் வரை கவலை இல்லை. 0.75 முதல் 2.25 வரை உப்பு அதிகம். அதற்கு மேலே போனால் செடிக்கு ஆகாது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அட்டவணைப்படி, தண்ணி 0.7-ஐத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். மிளகாய் 1 வரை தாங்கும். தக்காளி 1.7 வரை தாக்குப் பிடிக்கும்.

வாங்கும்போது இதைப் பாருங்க

* இ.சி. எண்ணையே காட்டும் மீட்டர் நல்லது. பி.பி.எம். மட்டும் காட்டினால் குழப்பம். ஒரே தண்ணியை ஒரு கம்பெனி மீட்டர் 500 என்றும், இன்னொன்று 700 என்றும் காட்டும். ரெண்டும் பொய் இல்லை. பெருக்கும் கணக்குதான் வேற.

* தண்ணி சூடானால் இ.சி. ஒரு டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் ஏறும். மொட்டை மாடி டேங்க் தண்ணி மதியம் கொதிக்கும். வெப்பத்தைத் தானே சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

* திரும்ப சரிபார்த்து செட் பண்ணும் 'கேலிபரேஷன்' வசதி இல்லாத பி.எச். மீட்டர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

* பேட்டரியே இல்லாமல் மண்ணில் குத்திப் பார்க்கும் 'மூணும் ஒண்ணுல' ரகத்தை நம்பி உரம் போடக்கூடாது.

காய விட்டா காலி

பி.எச். மீட்டரின் உயிர் அதன் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ். அது காயவே கூடாது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கலந்த ஸ்டோரேஜ் திரவம் சில சொட்டு விட்டு மூடி வைக்க வேண்டும். சுத்தமான தண்ணிதானே என்று ஆர்.ஓ. தண்ணியிலோ, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணியிலோ ஊறப்போட்டால் குமிழ் கெட்டுப்போகும். துணியால் அழுத்தித் துடைப்பதும் தப்பு. அலசி, ஒற்றி எடுத்தால் போதும்.

மாதம் ஒரு தடவையாவது சரிபார்க்க வேண்டும். பி.எச். 7, 4 என்று பஃபர் பவுடர் கிடைக்கிறது. பாக்கெட்டில் போட்ட அளவுக்கு டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, முதலில் 7-லும் அடுத்து 4-லும் செட் பண்ண வேண்டும். தொட்டுப் பார்த்த திரவத்தைத் திரும்ப பாட்டிலில் ஊற்றக் கூடாது. ரெண்டு திரவத்திலும் ஒரே எண் காட்டினால் அந்தக் குமிழின் ஆயுள் முடிந்தது.

இ.சி. மீட்டரைக் காய்ந்த நிலையில் வைக்கலாம். 1,413 மைக்ரோ சீமென்ஸ் என்று எழுதிய திரவத்தில் விட்டால் 1.41 காட்ட வேண்டும். ரெண்டையும் வெயிலில் மாடியிலேயே போட்டுவிட்டு வரக்கூடாது.

காசு இல்லையா? சங்குப்பூ இருக்கே!

நீல சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாயம் இறங்கும். அதில் தண்ணியைக் கலக்கும்போது ஊதா, இளஞ்சிவப்பு பக்கம் போனால் புளிப்பு. பச்சைக்குப் போனால் காரம். எண் தெரியாது, திசை தெரியும். உப்பையும் இது காட்டாது.

உப்பு அதிகம்னா என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு இங்கே கை கொடுக்கும். மழைத்தண்ணியில் உப்பு மிகக் குறைவு. 2 காட்டும் போர் தண்ணியோடு சரிபாதி கலந்தால் சுமார் 1-க்கு இறங்கிவிடும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணியை வீணாக்க மனசு வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். உள்ளே போன தண்ணியை விட அதில் உப்பு அதிகம். வாசல் கழுவ வைத்துக்கொள்ளலாம், செடிக்கு வேண்டாம்.

தென்னை நார்க்கழிவு கட்டியிலும் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணியை அளந்து, எண் இறங்கும் வரை நல்ல தண்ணியில் அலச வேண்டும். பையில் ஏற்கெனவே உப்பு சேர்ந்திருந்தால், அடியில் ஒழுகும் வரை நல்ல தண்ணி விட்டுக் கழுவலாம்.

மீட்டர் வாங்கும் முன்பு ஒரு தடவை லேபில் பார்த்துவிடுவதும் புத்திசாலித்தனம். தண்ணி, மண் பரிசோதனை பற்றி காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். போர் தண்ணியைக் கழுவிய பாட்டிலில் பிடித்து எடுத்துப்போக வேண்டும். மோட்டார் போட்டதும் வரும் தண்ணி வேண்டாம். பத்து நிமிஷம் ஓடிய பிறகு பிடித்தால்தான் கணக்கு சரியாக வரும். லேப் கொடுக்கும் எண்ணும் வீட்டு மீட்டர் எண்ணும் ஒத்துப்போனால், அப்புறம் மீட்டரை நம்பி உரம் போடலாம்.