மக்கட் பிரதிநிதியும் மனச்சாட்சியும்

மக்களால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவர் சட்டமன்றில் வாக்களிக்குங்கால், தம்மை அனுப்பியோரின் கருத்தையே எடுத்துரைக்கக் கடமைப்பட்டவரா? அன்றித் தம்முளத்துக்கு நேரிதெனப் பட்டதைக் கூறும் உரிமை உடையவரா? இவ்வினா ஆங்கில அரசியலிற் பழமையானது. 1774ஆம் ஆண்டிற் பிரிஸ்ரல் நகரத்தாராற் தெரிவு செய்யப்பட்ட எட்மண்ட் பேர்க், தம் உழைப்போடு தம் விவேகத்தையும் அவர்களுக்கு அளிக்க வேண்டியவர் தாமென்றும், அவர்தம் விருப்புக்காக அதனைப் பலியிடல் துரோகமாகுமென்றும் அவர்கள் முன்னிலையிலேயே உரைத்தார். பின்னர் அயர்லாந்தின் வாணிகத்துக்கும் கத்தோலிக்கரின் உரிமைக்கும் பரிந்து நின்றமையால் ஆதரவிழந்து, 1780இல் அத்தொகுதிப் போட்டியினின்றும் விலக நேர்ந்தது. கொள்கைக்கு விலை உண்டென்பதை அவர் அறியாதவரல்லர்.

இக்காலத்திலோ உறுப்பினரை ஆள்பவர் தொகுதியாரினும் கட்சிக் கொறடாவே எனலாம். எனினும், உயிர், சமயம், ஒழுக்கம் என்பன பற்றிய சில பொருள்களில் அக்கட்டளை தளர்த்தப்பட்டு, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விடப்படுவதுண்டு. பிரித்தானியாவில் மரணதண்டனை நீக்கப்பட்டமை இதற்குச் சிறந்த சான்று.

1948இல் சிட்னி சில்வர்மன் முதலியோர் கொணர்ந்த திருத்தம், தூக்குத் தண்டனையை ஐந்தாண்டுக்கு நிறுத்தி வைக்கக் கோரியது. அமைச்சர்கள் எதிரணியில் வாக்களித்தலாகாது, வேண்டின் வாளாவிருக்கலாம் என்று பணிக்கப்பட்டனர். மனச்சாட்சிக்கும் பதவிக்கேற்ப அளவு வகுத்தனர் போலும்! பொதுமக்கள் சபையில் 245 பேர் ஆதரிக்க, 222 பேர் எதிர்த்தனர். பிரபுக்கள் சபையோ அதனை நிராகரித்தது.

அன்று உள்நாட்டமைச்சராயிருந்து திருத்தத்தை எதிர்த்துப் பேசியவர் சூட்டர் ஈட். தன் சிறு மகளைக் கொன்றானெனத் தீர்க்கப்பட்ட திமொதி எவன்ஸ் என்பானின் தண்டனையைக் குறைக்காது, சட்டம் தன் வழியே செல்க என விடுத்தவரும் அவரே. 1950 மார்ச்சில் எவன்ஸ் தூக்கிலிடப்பட்டான். மூவாண்டு கழிந்தபின், அவனுக்கெதிராகச் சாட்சி கூறியவனும் அதே வீட்டில் வசித்தவனுமான கிறிஸ்ரி, பல பெண்களைக் கொன்றவனெனப் புலனாயிற்று. 1955இல் ஈட் அதே சபையில் எழுந்து, அப்பத்திரத்திற் தாம் இட்ட முடிவை நினைவுகூர்ந்து, தண்டனையை நீக்க வேண்டுமென வாதிட்டார். தாம் செய்ததைத் தாமே சபையறியக் கூறி நிலைமாறுதல் அரசியலில் அரிது.

கருத்துக் கணிப்புகளிற் பெரும்பான்மையோர் தூக்குத் தண்டனையையே வேண்டினர். அவ்வாறாகவும், சில்வர்மனின் மசோதா 1965 நவம்பர் 8ஆம் நாள் சட்டமாயிற்று. ஈட் மூன்று நாளின் பின் காலமானார். எவன்ஸுக்கு 1966இல் மரணத்தின் பின்னான மன்னிப்பு வழங்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில், தூக்குத் தண்டனையை மீட்பதற்கென்றே சில்வர்மனை எதிர்த்து நின்ற ஒருவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். எனினும் தொகுதி சில்வர்மனையே அனுப்பியது. ஐந்தாண்டுக்கென இயற்றப்பட்ட சட்டம் 1969இல் நிரந்தரமாக்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை.

இலங்கையின் வரலாறு வேறு. பண்டாரநாயக்க அரசாங்கம் 1956இல் மரணதண்டனையை நிறுத்தி, 1958இல் அதற்குச் சட்டமும் இயற்றியது. 1959 செப்டெம்பரிற் பிரதமரே சுட்டுக் கொல்லப்பட, அவ்வாண்டு முடியுமுன்னரே பாராளுமன்றம் அச்சட்டத்தை நீக்கித் தண்டனையை மீட்டது. 1976இன் பின்னர் இங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லை; ஆயினும், 1959இன் அம்முடிவு மாற்றப்படவில்லை.