சிரப்புக்கு எத்தனை மதிப்பெண்?

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிந்துவாராவில் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் பிரிவது நின்றது. இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. முதலில் தண்ணீரைச் சோதித்தார்கள், எலிக்காய்ச்சலோ என்று பார்த்தார்கள். பிறகே காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப் மாட்டியது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம்தான்.

மருந்துதான் காரணமா என்று தீர்மானிக்க மருத்துவர்களிடம் ஒரு மதிப்பெண் முறை உண்டு. 1981-இல் நரான்ஹோ குழுவினர் வகுத்த பத்துக் கேள்விகள் அவை. அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கு, சிரப்பின் ஆய்வக முடிவு வருமுன், அதைப் போட்டுப் பார்ப்போம். மருந்து கொடுத்த பிறகுதான் பாதிப்பு வந்ததா? ஆம், 2. ரத்தப் பரிசோதனை பாதிப்பை உறுதிசெய்கிறதா? சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, 1. வேறு நோய் காரணமாக இருக்கலாமா? இருக்கலாம், கழித்தல் 1. லேபிளில் உள்ள பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் வழக்கமான அளவில் இப்படிச் செய்ததாகப் பதிவு உண்டா? இல்லை, 0. நிறுத்தியதும் சரியானதா? இல்லை, 0. மற்ற கேள்விகளுக்குப் பதிலே இல்லை. ஆகமொத்தம் 2. ‘இருக்கலாம்’ என்ற வகை, அவ்வளவுதான்.

கிருமி இல்லை என்று தெரிந்து, சிரப்பில் நஞ்சு இருப்பதும் உறுதியானால் அதே குழந்தைக்கு 6 கிடைக்கும்: ‘பெரும்பாலும் மருந்துதான்’. ‘நிச்சயம்’ என்பதற்கு 9 வேண்டும். அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்த்தாயா என்ற ஒரு கேள்விக்கே 2 மதிப்பெண். கைக்குழந்தையிடம் எந்த மருத்துவர் அதைச் செய்வார்? இதுபோன்ற சங்கடங்களால்தான் 2011-இல் லிவர்பூல் ஆய்வாளர்கள், குழந்தைகளின் நோயாளிக் குறிப்புகளைக் கொண்டு, மதிப்பெண்ணே இல்லாமல் கேள்விக்குக் கேள்வி நகரும் வரைபடம் ஒன்றை உருவாக்கினார்கள்.

எந்த முறையும் லேபிளைத்தான் நம்பித் தொடங்குகிறது. இங்கே குற்றவாளி லேபிளில் இல்லை. டைஎத்திலீன் கிளைக்கால் உடலில் டைகிளைக்காலிக் அமிலமாக மாறி, சிறுநீரகக் குழல்களின் செல்களைக் கொல்கிறது. வாந்தியும் வயிற்றுவலியும் முதலில் வருவதால் அதையும் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. இத்தனைக்கும் 1972-இல் சென்னையில், 1998-இல் குர்கானில், 2020-இல் ஜம்முவில் இதே நஞ்சு குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. என் பார்வையில், ஒரு குழந்தைக்கு 2 மதிப்பெண் என்பது பெரிதல்ல. ஒரே வட்டாரத்தில் பத்துக் குழந்தைகளுக்கு 2 என்றால் அது அலாரம். அந்தப் பத்தும் ஒரே மேசைக்கு வந்து சேர வேண்டும்.

பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரம் போன்ற தமிழக-கேரள எல்லை ஊர்களில் இதுதான் சிக்கல். பொள்ளாச்சிக் கடையில் வாங்கிய சிரப், பாலக்காட்டு மருத்துவமனைக்குப் போகும் குழந்தை, இரண்டு மாநில மருந்துத் துறைகள். சர்ச்சைக்குரிய தொகுதி தங்களிடம் விற்கப்படவில்லை என்று தெரிந்தும் கேரளம் கோல்ட்ரிஃப் விற்பனையை நிறுத்தியது நல்ல எச்சரிக்கை. பக்கவிளைவுப் புகாரை மருத்துவர்தான் தர வேண்டும் என்றில்லை. காசியாபாதிலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இல் பெற்றோரே சொல்லலாம். மருந்தின் பெயர், தொகுதி எண், முதல் வேளை கொடுத்த நாள், வாந்தி தொடங்கிய நாள் எல்லாம் கேட்பார்கள். பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டால் தொகுதி எண்ணுக்கு எங்கே போவது?