கன்ன எலும்பின் உறுதியும் உடைவும்

கண்ணின் வெளிக்கோணத்திற்குக் கீழே விரலால் அழுத்தினால் தட்டுப்படும் கன்ன எலும்பு, முகத்திற்கு அழகு தருவது என்ற அளவிலேயே பெரிதும் அறியப்பட்டிருப்பினும், கண்ணைக் காப்பதும் மெல்லும் விசையைத் தாங்குவதுமே அதன் முதன்மைப் பணிகளாகும். மண்டையோட்டின் 22 எலும்புகளில் முகத்தைச் சார்ந்தவை 14; அவற்றுள் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்த இவ்வெலும்பு, மேலே நெற்றி எலும்புடனும், முன்புறம் மேல்தாடை எலும்புடனும், பின்னே காதைச் சூழ்ந்த பொட்டெலும்புடனும், கண்குழியின் உள்ளே மண்டையின் அடித்தளத்தைச் சேர்ந்த ஆப்பெலும்புடனும் பொருந்தி, கண்குழியின் வெளிச்சுவரிலும் தரையிலும் ஒரு பகுதியாகிறது.

காதை நோக்கி நீளும் இதன் மெல்லிய கிளை, பொட்டெலும்பிலிருந்து முன்னோக்கி வரும் கிளையுடன் சேர்ந்து ஒரு வளைவை அமைக்கிறது. பற்களைக் கடிக்கும்போது தாடையோரம் புடைக்கின்ற மெல்லுதசை அவ்வளைவின் கீழ்விளிம்பில் தொடங்க, நெற்றிப்பொட்டிலிருந்து இறங்கும் மற்றொரு தசை வளைவின் உட்புறமாகச் சென்று கீழ்த்தாடையைப் பற்றுகிறது. வளைவு உள்நோக்கி நசுங்கியவருக்கு வாய் திறக்க இயலாமற்போவது இதனாலேயே. சிரிக்கையில் வாயின் கோணத்தை மேலே இழுக்கும் தசைகளும் இவ்வெலும்பில்தான் தொடங்குகின்றன.

இதன் நடுப்பகுதி தடித்தது, பொருத்துகளோ மெலிந்தவை. ஆகவே பலத்த அடி விழும்போது எலும்பு நொறுங்குவதைவிட, பொருத்துகளின் அருகே விட்டுப்போய் உள்நோக்கிச் சரிவதே மிகுதி. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும் (சி.டி.எச். சாலை) பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும், தொழிற்பேட்டைச் சரக்கு லாரிகளுக்கிடையே இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் செல்வோருக்கு இது ஏட்டளவிலான செய்தி அன்று. தலைக்கவசத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு கட்டாயமாக்கியுள்ளது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். ஆயினும் உச்சந்தலையை மட்டும் மூடும் அரைக்கவசம் அபராதத்திலிருந்து காக்கலாமே தவிர, கன்னத்தைக் காக்காது. தாடைவரை மூடிய முழுக்கவசமே அதற்கு உதவும்.

இம்முறிவைக் கண்டறிவதில் வீக்கமே பெருந்தடை. கன்னம் தட்டையாகிவிட்டது என்பதைச் சில நாள்கள் வரை வீக்கம் மறைத்துவிடுவதால், 'வெறும் ஊமைக்காயம்' என்று வீட்டில் ஒத்தடம் கொடுத்து இருந்துவிடுவோர் உண்டு. ஆனால் கன்ன எலும்பும் மேல்தாடையும் சேருமிடத்திற்கு மிக அருகே, கண்ணுக்குக் கீழாக ஓர் உணர்வு நரம்பு செல்கிறது. அது நசுங்கும்போது கீழிமை, மூக்கின் பக்கம், மேலுதடு ஆகியவை மரத்துப்போகின்றன. கண்குழியின் தரை விரிசலுற்றால் பொருள்கள் இரட்டையாகத் தெரியலாம். விழியின் வெண்பகுதியில் இரத்தம் கட்டலாம்.

எலும்பு இடம்பெயராதிருப்பின் அறுவை மருத்துவம் தேவைப்படுவதில்லை. முதல் உலகப் போரில் சிதைந்த முகங்களைச் சீரமைத்த ஹெரால்டு கில்லீஸ், நெற்றிப்பொட்டின் மேலே தலைமுடிக்குள் சிறு கீறலிட்டு, தசையை மூடிய உறைக்கு அடியே நெம்புகருவியைச் செலுத்திச் சரிந்த எலும்பை உயர்த்தும் முறையைத் தம் உடன்பணியாளர்களுடன் 1927-இல் வெளியிட்டார். தழும்பை முடி மறைத்துவிடும் இம்முறை இன்றும் கைவிடப்படவில்லை. நிலையாக நிற்காத முறிவுகளுக்கு மட்டும் டைட்டானியத் தகடுகளும் திருகுகளும் பொருத்தப்படுகின்றன.

இந்தியாவில் முக எலும்பு அறுவை மருத்துவம் பல் மருத்துவத்தின் முதுநிலைப் பிரிவாகக் கற்பிக்கப்படுவதைப் பலர் அறியார். வேலப்பன்சாவடியிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரி, சென்னை கோட்டை ரயில் நிலையத்தை அடுத்த தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் இத்துறை இயங்குகிறது. இடம்பெயர்ந்த எலும்பை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் நிமிர்த்துவது எளிது. அதற்கு மேல் அது தவறான இடத்திலேயே கூடத் தொடங்கிவிடும் என்பதால், அடிபட்டபின் கன்னம் மரத்திருந்தாலோ பார்வை இரட்டித்தாலோ வீக்கம் வடியும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.