கம்பளத்தில் காலூன்றும் கதவு

தாம்பரம், குரோம்பேட்டை அடுக்ககங்களில் அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டில் இடிக்கும்! அங்கே கைகொடுப்பது மடிப்புக் கதவு. தரையில் கம்பளம் இருந்தால்தான் தொல்லை. மேலே ஓடும் தண்டவாளமே பாரம் தாங்குகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அலமாரிகளுக்கு வைக்கும் சாதாரண மடிப்புக் கதவில் பாரம் பெரும்பாலும் அடிக் குடுமியின்மேல்தான். பாட்டன் காலத்து வாசற்கதவு போலவே! மெத்தென்ற கம்பளத்தில் குடுமி அமிழ்ந்தால் கதவு சாயும், சிக்கும். ஆகவே அந்த மூலையில் மட்டும் கம்பளத்தை வெட்டி, அதே கனத்துக்குக் கட்டை வைத்து, அதன்மேல் குடுமித் தாங்கியைத் திருகாணியால் முடுக்க வேண்டும். விரித்த கம்பளத்துக்குமேல் அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். கதவின் அடியை அறுத்தால் வார்னிஷ் பூச மறக்கலாகாது. ஐப்பசி ஈரத்தை மரம் குடித்து உப்பிவிடும். 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்த முடிச்சூர் போன்ற இடங்களில், கீழ்வீட்டுக்காரர்கள் கம்பளத்தை ஒட்டாமல் விரிப்பதே மேல். சுருட்டி மாடிக்குத் தூக்கலாம் அல்லவா!