ஐஸ் தண்ணீர் சொட்டும் இடம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான், கோவளத்து ஃபைபர் படகுகள் வழக்கம்போலக் கடலுக்குப் போய்வரும். ஆனால் காசிமேட்டு விசைப்படகுகளின் மீன் லோடை நம்பி ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு அந்த இரண்டு மாதமும் வேலை குறைவு. உப்புக் காற்றில் சும்மா நிற்கும். மறுபடி சாவி போட்டால் முதலில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் கியர்தான்.

அப்படி ஒரு வண்டியில் ஒரு ஜூன் மாதக் காலையில் கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வரை போனேன். ஓட்டுநர் கிளட்சை மிதித்து, லீவரைத் தள்ளி, ஒரு நொடி பிடித்துக்கொண்டே இருப்பார். அப்புறம்தான் கியர் விழும். ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைத்தது. "கியர்பாக்ஸை இறக்கணும்னு ஒரு கடையில சொல்லிட்டாங்கண்ணா. அதான் இன்னொருத்தர்கிட்ட காட்டலாம்னு" என்றார்.

அந்த இன்னொருவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "வண்டிய ஆஃப் பண்ணு தம்பி. இப்போ ஒவ்வொரு கியரா போடு." எல்லாமே தடையில்லாமல் விழுந்தன. "இப்ப ஸ்டார்ட் பண்ணிட்டுப் போடு." மறுபடி அதே இழுபறி. "பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல. கிளட்ச் முழுசா விடல."

இந்த ஒரு சோதனைக்குள் பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. எஞ்சின் ஓடாதபோது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் தகராறு செய்தால், பெடலை மிதித்தும் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குள் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ரிவர்ஸ் அரைப்பதும் அதற்கே சாட்சி. பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு, வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையம் கிடையாது. அதனால் கிளட்சின் குறையை அது மறைக்காது. எஞ்சின் அணைந்திருக்கும்போதும் கியர் இறுகினால் லீவர் இணைப்புகளையோ பாக்ஸின் உள்ளேயோ பார்க்க வேண்டும்.

அடியில் படுத்துப் பார்த்தவர் கிளட்ச் கேபிளைக் காட்டினார். மேலுறை வெடித்து, உள்கம்பி துருவேறி, உறைக்குள் ஓடாமல் இறுகிக் கிடந்தது. அதற்கு நேர் மேலேதான் மீன் பெட்டிகளின் ஐஸ் தண்ணீர் சொட்டும் இடம். உருகிய ஐஸோடு மீனின் உப்பும் கலந்து நாள் முழுக்க இறங்கினால் எந்த இரும்பு தாங்கும்? கேபிளை மாற்றினார். பெடலில் பாரம் தெரிவதற்கு முன் இருக்க வேண்டிய சிறு 'பிளே'யைச் சரிசெய்தார். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பிளே அதிகமானால் கிளட்ச் முழுதாக விடாது. பிளேயே இல்லாவிட்டால் பிளேட் வழுக்கித் தேயும். எவ்வளவு வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கிறது.

கேபிளுக்குப் பதில் ஆயிலில் இயங்கும் கிளட்சாக இருந்தால் பெடலை இரண்டு மூன்று முறை அடித்துப் பாருங்கள். அடித்தபின் கியர் ஒழுங்காக விழுந்தால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசிகிறது. அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் அதை மாற்றாமலே ஓட்டுவது வீண் வம்பு. நீண்ட நாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது எஞ்சின் ஓடும்போது கியர் விழவே விழாது.

பிளேட் தேய்ந்த வண்டி வேறு மாதிரி. அங்கே கியர் விழும், இழுவை வராது. எஞ்சின் அலறும், வண்டி நகராது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில், முழு லோடோடு, ஹாஃப் கிளட்சிலேயே ஊர்ந்து போகிறவர்கள் சீக்கிரம் இந்த நிலைக்கு வந்து சேர்வார்கள்.

கிளட்ச் சரியாக இருந்தும் ஒரே ஒரு கியர் மட்டும் தாமதித்தால் சந்தேகம் சிங்க்ரோ வளையத்தின் மேல் போகும். 1928-இல் கேடிலாக் கார்களில் அறிமுகமான ஏற்பாடு இது. அதற்கு முன் பெரும்பாலோர் 'டபுள் கிளட்ச்' (நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதிப்பது) போட்டுத்தான் ஓட்டினார்கள். கூம்பு வடிவ வளையம் உராய்ந்து இரண்டு பாகங்களின் வேகத்தையும் சமமாக்கும். சமமாகும்வரை கியரை உள்ளே விடாது. வளையம் தேய்ந்தால் அந்தக் காத்திருப்பு நீளும். டபுள் கிளட்ச் போட்டால் சுலபமாக விழுகிறது என்றால் இதுதான் நோய்; பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஆயில். டிஃப்ரென்ஷியலுக்கு வாங்கியதில் மீந்ததைக் கியர்பாக்ஸிலும் ஊற்றுகிற பழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். வளையம் வேலை செய்ய உராய்வு வேண்டும். தவறான ஆயில் அதைக் கெடுத்துவிடும், சில வகைகள் பித்தளை வளையத்தையும் அரிக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் வென்ட் வழியாகத் தண்ணீர் புகுந்து ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். அதை ஒரு நாள்கூட உள்ளே விட்டுவைக்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் கதை வேறு. பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து 'டி'க்கு மாற்றினால் ஓரிரு நொடிக்குள் வண்டி லேசாக முன்னே உந்த வேண்டும். இழுத்தடித்தால் ஆயில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். பழுப்பேறி, கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்சுகள் எரிகின்றன. ஆயில் நன்றாக இருந்தால் ஃபில்டர், சொலினாய்டு, வால்வு பாடி. ஸ்கேனர் மாட்டிப் படிக்காமல் இவற்றில் கை வைப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல. 'ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்' என்ற விளம்பர வார்த்தையை லோடு வண்டிக்காரர்கள் நம்ப வேண்டாம்; ஆயுள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது யாருடைய ஆயுள் என்று தெரியவில்லை.

கோவளத்து வண்டிக்குத் திரும்பினால், கேபிளுக்கு மேலே ஒரு பழைய ரப்பர் பாயை மடித்துக் கட்டிவிட்டு அனுப்பினார் மெக்கானிக். உங்கள் வண்டியின் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் எஞ்சினை அணைத்து எல்லாக் கியரையும் உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.