மாத்திரைக்கும் பருப்புக்கும் ஏன் ஆகாது?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்குப் பார்க்கின்சன். நான் பகல் ஷிப்ட் போகும் வாரம் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. நைட் ஷிப்ட் வாரத்தில் எல்லோரும் சேர்ந்து மதியம் சாப்பிட்டு, மாத்திரையையும் கையோடு கொடுத்துவிடுகிறேன். அந்த வாரம் பிற்பகலில் கால் விறைத்துப்போகிறது. மாத்திரை போலியா?"

பதில் அவர் கேள்வியிலேயே இருக்கிறது: 'கையோடு'.

அந்த மாத்திரையில் உள்ள மருந்தான லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பும் முட்டையும் மீனும் செரித்தால் வரும் லியூசின், வேலின், ஃபினைல்அலனினும் அதே இனம். குடலிலும், பிறகு மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் எல்லாருக்கும் ஒரே கம்பெனி பஸ்தான். மூளை வாசலில் அதற்கு எல்ஏடி-1 என்று பெயர். சீட் கொஞ்சம், கூட்டம் அதிகம். ஒரு கிண்ணம் சாம்பாரும் இரண்டு முட்டையும் ஸ்டாப்பில் முண்டியடிக்கும்போது லெவோடோபா புட்போர்டில்கூடத் தொற்ற முடியாது. இந்த பஸ்ஸில் ஒரு விநோதம்: உள்ளேயிருந்து ஒருவர் இறங்கினால்தான் வெளியே நிற்பவர் ஏறலாம். ஒரு மூலக்கூறை வெளியே விட்டுத்தான் இன்னொன்றை உள்ளே எடுக்கும். மூளைக்குள் போய் டோபமைனாக மாற வேண்டிய லெவோடோபா வழியிலேயே யூனிஃபார்மை மாற்றிவிட்டால் அனுமதியே இல்லை. அப்படி மாறாமல் பார்த்துக்கொள்ளத்தான் அதே மாத்திரையில் கார்பிடோபாவும் வருகிறது. அதற்கே பாஸ் கிடையாது, ஸ்டாப்போடு சரி. உவமையை இதற்கு மேல் ஓட்டினால் டீசல் தீர்ந்துவிடும்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: நோயை ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தது 1817. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைத் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தது 1937, நம் சென்னையில். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று தெரிய 1960கள் வரை ஆனது.

இதைப் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் பூனைக்காலிப் பொடி 'பக்கவிளைவற்ற இயற்கை மருந்து' ஆகிவிட்டது. உள்ளே இருப்பது அதே மூலக்கூறு, பக்கவிளைவும் அதேதான். ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்த்தால் அளவு மீறும். இந்த நோயில் அழிந்த மூளைச் செல்களை மீட்கும் உணவு என்று மஞ்சளையோ கீட்டோவையோ யார் விற்றாலும் நம்பாதீர்கள். அப்படி ஓர் உணவு இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

மாத்திரையோடு முண்டியடிக்கிறது என்பதற்காகப் பருப்பை நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் ஏற்கெனவே உடம்பு மெலியும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ வெறும் தண்ணீரில் கொடுத்துப் பாருங்கள், பாலில் வேண்டாம். சாப்பாட்டின் புரதம் எல்லாருடைய மாத்திரையையும் இப்படிப் படுத்துவதில்லை. மாத்திரையின் பலன் ஏறி இறங்கும் சிலருக்குப் பகலில் புரதத்தைக் குறைத்து, முட்டை, மீனை இரவுக்கு மாற்றச் சொல்வார்கள். அதை நரம்பியல் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அப்பா அதையும் சாப்பிடுகிறாரென்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காமல் இடைவெளி விடுங்கள். மருந்து நேரத்தை உங்கள் ஷிப்டோடு கட்டாதீர்கள். அலாரத்தை அப்பாவின் போனிலேயே வைத்துவிடுங்கள்.